வளவில் உட்கார்ந்து வரைவோம்: பள்ளிப் பிள்ளைகளோடு செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகும் ஆசிரியருக்கு

முதல் தடவை நாற்பது பிள்ளைகளை ஒரே நாளில் ஒரு பெரிய வீட்டுக்கு அழைத்துப்போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தாள்களை வாங்கிப் பார்த்தால் நாற்பதிலும் ஒரே படம். வீட்டின் முன்பக்கம் முழுவதும் கட்டைவிரல் அளவுக்கு. நடுவில் ஒரு கதவு. இரு பக்கமும் இரண்டிரண்டு தூண்கள். அந்த முகப்பில் உண்மையில் இருந்தவை எட்டுத் தூண்கள். யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணச் சொல்லவில்லை. வீட்டின் வரலாற்றை அரை மணி நேரம் நின்றுகொண்டு பேசினேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. எதையோ அவசரமாக வரைந்து நீட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் பிள்ளைகள் வரைவார்கள். வரையும்போது அவர்களுக்குக் கேள்வி வரும். வரலாறு அந்தக் கேள்விக்குப் பதிலாக வரும். இந்த ஒரு மாற்றம்தான் இந்தக் கட்டுரை முழுவதும். மற்றவை அதைச் செய்வதற்கான ஏற்பாடுகள்.

இதைச் செய்ய நீங்கள் ஓவிய ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. தமிழோ சமூக அறிவியலோ கணக்கோ எடுப்பவராக இருக்கலாம். விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கும் கல்லூரி மாணவராகவும் இருக்கலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அந்த வயதில் கை ஓரளவு பழகியிருக்கும், 'எனக்கு வரைய வராது' என்ற எண்ணம் இன்னும் இறுகியிருக்காது.

எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பது

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரந்து கிடக்கிறது செட்டிநாடு. நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கட்டிய இந்தப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. 2014இல் இந்தியா யுனெஸ்கோவிடம் அளித்த உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகளும் இடம்பெற்றன. இதையெல்லாம் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

காரைக்குடியின் ஆயிரம் சன்னல் வீட்டையோ கானாடுகாத்தான் அரண்மனையையோ கொண்டு தொடங்க ஆசை வரும். அவை அழகானவை, பெயர் பெற்றவை. ஆனால் அளவில் மிரட்டுபவை. பார்த்தவுடன் பிள்ளை செய்வதெல்லாம் முழுவதையும் ஒரே தாளில் அடக்கப் பார்ப்பதுதான், என் முதல் தடவை நடந்ததைப் போல. பள்ளியிலிருந்து நடந்தே போகக்கூடிய, ஆள் குடியிருக்கும், நடுத்தர அளவு வீடு ஒன்று போதும். அதே தெருவில் பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் வீடாக இருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலை அதே வாசலைத் தாண்டிப் பள்ளிக்கு வரும்போது அவர்கள் தலை தானாகத் திரும்பும்.

பூட்டிக் கிடக்கும் பாழடைந்த வீட்டுக்குள் மட்டும் போகாதீர்கள். மாடிப் பலகை உளுத்திருக்கும், கிணறு மூடியில்லாமல் கிடக்கும், பாம்பு இருக்கும். அத்தகைய வீட்டைத் தெருவின் எதிர்ப்புறத்தில் நின்று வரையலாம். அதுவே நிறையச் சொல்லும்.

அனுமதி

காவலுக்கு இருப்பவர் 'வாருங்கள்' என்று சொன்னால் போதாது. இந்த வீடுகளில் பலவற்றுக்கு உரிமையாளர் ஒருவர் இல்லை. ஒரு வீட்டில் பத்துப் புள்ளி, இருபது புள்ளி என்று பங்கு பிரிந்திருக்கும். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் கோவையில், இன்னொருவர் மலேசியாவில். ஊரில் யார் சாவி வைத்திருக்கிறாரோ அவரிடம் கேட்டால், யாரிடம் பேச வேண்டும் என்று சொல்வார். அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். பிறகு தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். கடிதத்தில் நாள், நேரம், எத்தனை பிள்ளைகள், உடன் வரும் பெரியவர்கள் யார், எந்தெந்தப் பகுதிக்குள் போவீர்கள் என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். 'புகைப்படம் எடுக்க மாட்டோம், வரைய மட்டும் செய்வோம்' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். படம் எடுத்து எங்கெங்கோ போட்டுவிடுகிறார்கள் என்ற வருத்தம் பல வீட்டுக்காரர்களுக்கு உண்டு. தயங்கியவர்கள்கூட அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சம்மதித்திருக்கிறார்கள்.

சாமி அறையைக் கேட்காதீர்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நாள்கள், பிள்ளையார் நோன்பு, வீட்டுக் கல்யாணம் ஆகிய சமயங்களையும் தவிர்த்துவிடுங்கள். வெளியூரிலிருந்து எல்லோரும் வந்து கூடும் வீட்டில் இருபது வரைபலகைகளுக்கு இடம் இருக்காது. பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் பள்ளி நிர்வாகத்தின் அனுமதியும் வழக்கம்போல் வாங்கிவிடுங்கள்.

முதலில் நீங்கள் மட்டும் போங்கள்

பிள்ளைகளை அழைத்துப்போவதற்கு ஒரு வாரம் முன்னால், அதே கிழமை, அதே நேரம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வளவுக்குள், அதாவது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்துக்குள், வெயில் எப்போது விழுகிறது, எந்தத் தூணின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே உட்கார்ந்தால் கண் கூசாது என்று பாருங்கள். என் அனுபவத்தில் காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை நல்ல நேரம். குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே, பெண்பிள்ளைகள் கூச்சமில்லாமல் போய்வர முடியுமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கால் வைக்கக் கூடாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் ஒரு படம் வரையுங்கள். நன்றாக வரவில்லை என்றால் அதையே வகுப்பில் காட்டுங்கள். ஆசிரியரின் கோணல் கோட்டைப் பார்த்த பிறகு பிள்ளைகளின் கை தளர்ந்து ஓடும்.

பருவம் என்று கேட்டால், மார்கழியும் தையும் சிறந்தவை. சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் என்பதால் அப்போது செய்யச் சொல்லிப் பள்ளிகளில் கேட்பார்கள். அது எங்கள் பக்கம் மழைக்காலம். மழை வந்தால் திட்டத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். இந்த வீடுகளை மழையில் பார்ப்பது ஒரு தனிப் பாடம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பைக்குள் என்னென்ன

செலவு அதிகமில்லை. பரீட்சை அட்டையே வரைபலகை. ஆளுக்கு ஏழெட்டு ஏ-4 தாள்கள், ஒரு கட்டத்தாள், ஒரு எச்.பி. பென்சில், ஒரு 2பி பென்சில், ஒரு சீவி. அழிப்பான் வேண்டாம், பிள்ளைகளிடமிருந்து பள்ளியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் கெஞ்சுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். தவறிய கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போடக் கற்றுக்கொள்வார்கள். அளவுகோலும் வேண்டாம்.

பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் உள்ளங்கை அளவுக்குச் சன்னல் போல ஒரு செவ்வகம் வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சன்னல் வழியாகப் பார்த்தால், வரைய வேண்டியது எது, விட வேண்டியது எது என்பது தெளிவாகிவிடும். பெரிய வீட்டைச் சிறு தாளில் அடக்கும் சிக்கலுக்கு இதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரியாது.

கைக்கண்ணாடிகள் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்து வேலைப்பாட்டைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்காமல், மடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தபடியே வரையலாம். ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றும் வேண்டும். உட்கார சாக்கோ செய்தித்தாளோ போதும். பென்சில்களைப் போட்டுவைக்க ஒரு பனையோலைக் கொட்டான் கிடைத்தால் எடுத்துப்போங்கள், அதுவும் இந்த மண்ணின் கைவேலைதானே.

வண்ணம், மை, தண்ணீர் எதுவும் அந்த வீட்டுக்குள் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நூறு ஆண்டுப் பழைய சுவரில் ஒரு சொட்டு நீலம் விழுந்தால் அடுத்த முறை எந்த வகுப்புக்கும் கதவு திறக்காது.

முந்தைய வாரம் வகுப்பில்

பிள்ளைகளைத் தங்கள் சொந்த வீட்டு வாசலை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். மாலையில் வீட்டுக்குப் போய், வாசலின் எதிரில் உட்கார்ந்து மறுபடி வரைந்து வரட்டும். மறுநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எத்தனை படி என்பதில் தொடங்கி, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது வரை மாறியிருக்கும். 'தினமும் பார்க்கிற வாசலே இப்படி என்றால்' என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். கூரை வீடோ, அரசு கட்டிக்கொடுத்த வீடோ, வாடகை வீடோ, எல்லா வாசலும் ஒரே சுவரில் வரிசையாக ஒட்டப்பட வேண்டும். பெரிய வீட்டுக்குப் போகும் முன்னால் இது நடந்தாக வேண்டும் என்று நான் கருதுகிறேன். தன் வீடு வரையத் தகுந்தது என்று தெரிந்துகொண்ட பிள்ளைதான் அடுத்த வீட்டுக்குள் தலை நிமிர்ந்து போகும்.

பிறகு சொற்கள். முகப்பு, திண்ணை, நிலை, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு, அடுப்படி, உத்திரம், போதிகை, மாடம், தூம்பு. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: நிலை என்பது கதவுச் சட்டம், பட்டாலை வளவை ஒட்டிய உயர்ந்த திண்ணைப் பகுதி, இரண்டாங்கட்டு வளவுக்கு அடுத்த உள்பகுதி, போதிகை தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் பகுதி, தூம்பு தண்ணீர் வெளியேறும் வழி. இவற்றைப் பலகையில் எழுதிப் பொருள் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு தெருவில் இரண்டு பெயர் வரும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்டு வந்த ஒரு பிள்ளை, 'எங்கள் தாத்தா கொத்தனார், அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்திருக்கிறாராம்' என்று சொன்னது. அன்றுவரை அது யாரோ ஒருவருடைய வீடு. அன்றிலிருந்து அந்த வகுப்புக்கு அது தாத்தா வேலை செய்த வீடாகிவிட்டது.

ஒரு பயிற்சி மட்டும் கொடுத்துவிடுங்கள். தாளைப் பார்க்காமல், கண்ணைப் பொருளின் விளிம்பிலேயே வைத்துக்கொண்டு, பென்சிலை எடுக்காமல் மூன்று நிமிடம் வரைய வேண்டும். தண்ணீர்க் குடம் நல்ல பொருள். படம் விநோதமாக வரும், எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அந்த மூன்று நிமிடமும் கண் வேறெங்கும் போயிருக்காது.

வரையும் நாள்

ஒரு தடவைக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் உடன் இருக்கட்டும். வகுப்பில் நாற்பது பேர் என்றால் இரண்டு நாள் போங்கள்.

முதல் பதினைந்து நிமிடம் பென்சிலைத் தொடக் கூடாது. செருப்பை வெளியே விட்டு, முன்வாசலில் நிற்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அங்கிருந்து பார்த்தால் வளவு தாண்டி, அடுத்த கட்டுகள் தாண்டி, பின்வாசல் வெளிச்சம் ஒரு சிறு சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரத்தை நோக்கி மெதுவாக நடக்க வேண்டும். எங்கே குளிர்ச்சி, எங்கே வெளிச்சம், எங்கே குரல் எதிரொலிக்கிறது என்று கவனித்துக்கொண்டே போகட்டும். பின்வாசலை அடைந்ததும், திரும்பி வரும்போது அடிகளை எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

முதல் படம் தரைப்படம். வீட்டுக்கு மேலே பருந்து பறந்தால் என்ன பார்க்கும் என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். எண்ணிய அடிகளைக் கொண்டு முகப்பு எவ்வளவு நீளம், வளவு எவ்வளவு அகலம் என்று கட்டத்தாளில் போடட்டும். ஒவ்வொருவர் காலடியும் ஒவ்வோர் அளவாக இருப்பதால் விடைகள் முட்டிக்கொள்ளும். அப்போது முடிச்சுக் கயிற்றை எடுங்கள். வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறு அறைகளைத் தரைப்படத்தில் போடும்போது, 'ஏன் இத்தனை அறை, எல்லாம் ஒரே மாதிரி?' என்ற கேள்வி வந்தே தீரும். கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஓர் அறை, வளவு எல்லோருக்கும் பொது என்பதை அந்த இடத்தில் சொன்னால் ஒரு வரி போதும்.

அதன் பின் ஆளுக்கு ஒரே ஒரு பொருள். வீட்டை மறந்துவிட்டு அந்த ஒன்றோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

நிலையும் கதவும் எடுத்தவர்களுக்கு: முழுக் கதவையும் வரைய வேண்டாம். நிலையின் மேலே பெரும்பாலும் கஜலட்சுமி இருப்பாள். பக்கங்களில் கொடி, கிளி, மயில், யாளி. அதில் ஒன்றை எடுத்து உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி வரையட்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் தோன்றும் இடத்தில், இடப்பக்கத்தை மட்டும் வரைந்துவிட்டு வலப்பக்கத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். உளி பிடித்தது மனிதக் கை என்பதால் சிறு வேறுபாடு இருக்கும். அதைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 'இந்த மரம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால் பர்மாவைச் சொல்லுங்கள். நகரத்தார்கள் அங்கே வட்டித்தொழிலும் வணிகமும் செய்ததையும், தேக்கு கப்பலேறி வந்ததையும், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்தத் தொழில் நொறுங்கியதையும் சொல்லலாம். அதற்குப் பிறகு இவ்வளவு பெரிய வீடுகள் ஏன் எழவில்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

சுவர் எடுத்தவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். வெறும் வெள்ளைச் சுவரில் வரைய என்ன இருக்கிறது என்பார்கள். பக்கவாட்டில் கன்னத்தைச் சுவருக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள், தொட வேண்டாம். தூணின் சாயலும் வளவின் வெளிச்சமும் அதில் மங்கலாகப் பிரதிபலிக்கும். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்ச் சாறு, வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்த சாந்தை மையாக அரைத்து, பல பூச்சாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. தாளில் பளபளப்பை வரைய முடியாது. சுற்றிலும் இருட்டாக்கி, வெளிச்சம் விழும் இடத்தைத் தாளின் வெண்மையாகவே விட வேண்டும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பாதி ஓவியம் வந்துவிட்டது என்று நான் நம்புகிறேன்.

தூண்கள் எளிது. எண்ண வேண்டும், இரண்டுக்கும் இடையே எத்தனை முழம் என்று அளக்க வேண்டும், மேலே இருக்கும் போதிகையைத் தனியாகப் பெரிதாக வரைய வேண்டும். கல் எது, மரம் எது, எது எங்கே என்று குறித்தால் போதும்.

தரைக்குக் கட்டத்தாள். ஒரு தரைக்கல்லை இருபதுக்கு இருபது கட்டத்துக்குள் வரைந்து, பிறகு அதைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கு மூலைகளும் கூடும் இடத்தில் புதிதாக ஒரு பூ மலரும். அந்தப் பூ தனிக் கல்லில் இருந்திருக்காது. புள்ளிக் கோலம் போடும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். கணக்காசிரியர் உடன் வந்திருந்தால் அவருக்கும் இங்கே வேலை உண்டு.

இப்போது மழைக்கு வருகிறேன். கூரையை எடுத்துக்கொண்ட குழுவுக்கு நான் கொடுக்கும் வேலை, 'ஒரு துளி தண்ணீர் எங்கே போகிறது?' என்பதுதான். அம்புக்குறிகளால் வரைய வேண்டும். நாட்டு ஓட்டில் விழும் துளி நாற்புறமும் சரிந்த கூரை வழியாக வளவுக்குள் இறங்குகிறது. வளவின் கல் தளம் கண்ணுக்குத் தெரியாத சரிவோடு தூம்பை நோக்கிச் சாய்கிறது. அங்கிருந்து வெளியேறி, ஊரின் வடிகால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேர்ந்த காலம் உண்டு. எங்கள் பக்கம் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. மழையை நம்பி வாழ்ந்தவர்கள் வீட்டின் நடுவிலேயே வானத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். மழை பெய்யும்போது பட்டாலையில் உட்கார்ந்து இதை நேரில் வரைந்த பிள்ளைகள், மறுநாள் தாங்களாகவே ஊருணி வரை நடந்துபோய் எந்த வாய்க்கால் தூர்ந்துகிடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

முகப்பின் உச்சியில் சாந்தால் செய்து வைத்திருக்கும் சுதை உருவங்களைத் தெருவுக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து வரையலாம். வண்டி வராத இடமாகப் பாருங்கள். தெய்வங்களுக்குப் பக்கத்தில் துப்பாக்கி ஏந்திய சிப்பாயோ தொப்பி வைத்த வெள்ளைக்காரரோ நின்றுகொண்டிருந்தால், ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு காரணம் எழுதட்டும். அந்தக் காரணங்களை வைத்து ஒரு வரலாற்று வகுப்பையே நடத்தலாம்.

அடுப்படியை யாராவது கட்டாயம் எடுக்க வேண்டும். அலங்காரம் இல்லாத இடம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அம்மி, ஆட்டுக்கல், உரல், வரிசை அடுப்பு, புகை ஏறிக் கறுத்த சுவர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இத்தனை பேருக்குச் சமைத்தது யார், எங்கே நின்று சமைத்தார்கள் என்பதை அந்தப் படங்கள்தான் கேட்கவைக்கும்.

நிறத்தைச் சொல்லால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். 'பச்சை' என்று எழுதினால் போதாது. 'வாழைக்குருத்துப் பச்சை', 'பாசிப் பச்சை', 'மழையில் நனைந்த செங்கல்' என்று எழுதட்டும். வகுப்பில் வண்ணம் தீட்டும்போது அது உதவும், மொழிக்கும் நல்ல பயிற்சி.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் பெயர், வகுப்பு, நாள், ஊர், எந்த இடத்தில் உட்கார்ந்து எந்தத் திசையைப் பார்த்து வரைந்தது என்பதை எழுத மறக்க வேண்டாம். தூண்களும் நிலைகளும் கழற்றப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நாங்கள் வரைந்த வீடுகளில் ஒன்று இன்று காலி மனை. பன்னிரண்டு தூண்கள், கிழக்குப் பார்த்தது, இடப்பக்கத் திண்ணையில் ஒரு விரிசல் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதிவைத்த தாள் மட்டும் பள்ளியில் இருக்கிறது.

ஆத்தங்குடிக்கு ஒரு நாள்

முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் ஆத்தங்குடிக்குப் போய்வாருங்கள். தரைக்கல் செய்யும் பட்டறைகளில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் ஓரமாக நின்று பார்க்க விடுவார்கள். வேலை நேரம் என்பதால் குறைவான பிள்ளைகளோடு போவது நல்லது.

அங்கே ஒரு தாளை ஆறு கட்டங்களாகப் பிரித்து, செய்முறையை வரிசையாக வரைய வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைக்கிறார்கள். அச்சின் அறைகளுக்குள் வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றுகிறார்கள். அச்சைப் பதறாமல் தூக்குகிறார்கள். வண்ணங்கள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிடுகிறார்கள். அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டுச் சமன்செய்கிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறுகிறது. சூளையே கிடையாது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம்தான் கல்லின் முகமாகிறது, அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. தலைகீழாகச் செய்யப்படும் பொருள் இது என்று பிள்ளைகள் மூன்றாம் கட்டத்தை வரையும்போதுதான் கண்டுகொள்வார்கள். முன்னாலேயே சொல்லி அந்த மகிழ்ச்சியைக் கெடுத்துவிடாதீர்கள்.

அச்சைத் தூக்கும் கைகளைத் தனியாக வரைய ஒரு தாள் ஒதுக்குங்கள்.

வகுப்புக்குத் திரும்பிய பின்

உடனே வண்ணப் பெட்டியைத் திறக்க வேண்டாம். தாள்களையெல்லாம் தரையில் பரப்பி, வீடு இருந்த வரிசையிலேயே அடுக்குங்கள்: முகப்பு இங்கே, வளவு நடுவில், அடுப்படி அங்கே. இருபது பேர் தனித்தனியாக வரைந்த வீடு வகுப்பறைத் தரையில் எழும். எந்த இடம் விடுபட்டுப்போயிற்று என்பது அப்போது தெரியும்.

அடுத்த நான்கைந்து ஓவிய வகுப்புகளுக்கு வேலை இருக்கிறது. பலாப்பழத்தைப் பிளந்தாற்போல் வீட்டை முன்வாசல் முதல் பின்வாசல் வரை நெடுக்காகப் பிளந்தால் எப்படித் தெரியும் என்று ஒரு நீண்ட தாளில் சேர்ந்து வரையலாம். கட்டத்தாளில் எடுத்த தரைக்கல்லை அட்டையில் பெரிதாக்கி வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டலாம். ஓரங்கள் பொருந்தாமல் போகும், அப்போது திரும்பி அளந்து திருத்துவார்கள். களிமண்ணில் ஒரு போதிகை செய்து பார்க்கலாம். கொத்தனாராகவோ தச்சராகவோ இருந்த தாத்தா யாராவது வர ஒப்புக்கொண்டால், ஒரு மணி நேரம் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். கொத்துக்கரண்டி, உளி, மட்டக்கோல் எல்லாம் கொண்டுவந்தால் அவற்றை வரையட்டும்.

போட்டி வைத்து முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். பரிசு வந்தவுடன் பிள்ளைகள் பார்த்ததை விட்டுவிட்டு, நடுவருக்குப் பிடித்ததை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருந்தால் தாள்களை அதன் பொறுப்பில் கோப்பாகச் சேர்த்துவைக்கலாம். ஆண்டுக்கு ஒரு வீடு வரைந்தாலும் பத்தாண்டில் ஒரு தெருவே அந்தக் கோப்புக்குள் வந்துவிடும்.

செட்டிநாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் பட்டாலைக்குப் பதில் தங்கள் ஊர்ச் சொல்லைப் போட்டுக்கொண்டால் இந்த முறையே போதும். கும்பகோணத்தின் அக்கிரகாரத் திண்ணைகள், புதுச்சேரியில் தமிழர் பகுதியின் வாசல் தூண்கள், காயல்பட்டினத்தின் பழைய வீடுகள், யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு, எல்லாவற்றுக்கும் பொருந்தும். குமரி மாவட்டத்தில் இருந்தால் பத்மநாபபுரம் அரண்மனையின் ஒரே ஒரு மரத்தூணோடு ஒரு நாள் முழுவதும் உட்காரலாம். சிறுபிள்ளைகள் என்றால், மூன்றாம் நான்காம் வகுப்பு என்றால், தரையும் நிழலும் போதும்.

கடைசி வேலை

படங்களின் நகல்களை ஒன்றாகத் தைத்து, வீடு கொடுத்தவர்களிடம் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஒரு மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.

நாங்கள் கொடுக்கப் போனபோது அந்த வீட்டு ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்கள். பட்டாலைச் சுவரில் ஒரு விளக்கு மாடத்தை வரைந்திருந்த தாளில் கை நின்றது. 'இதற்கு ஜோடியாக எதிர்ச் சுவரிலும் ஒன்று இருந்ததே. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதில்தான் விளக்கு வைப்பேன். பிறகு என்றைக்கோ அடைத்துவிட்டார்கள்' என்றார்கள். வரைந்த பையன் எழுந்து நின்றான். 'ஆச்சி, உள்ளே போய்ப் பார்க்கலாமா?' என்று கேட்டான். எல்லோருமாகப் போனோம். எதிர்ச் சுவருக்கு அருகே கன்னத்தைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தபோது, பளபளப்பு மங்கியிருந்த இடத்தில் ஒரு சிறு வளைவின் தடம் தெரிந்தது. அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.